வேலந்தாவளத்து லாட்டரிக் கடையும் அமெரிக்காவின் பத்தாவது திருத்தமும்

வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் கால் வைத்ததும் கண்ணில் படுவது லாட்டரிக் கடைதான். ஒரு மேசை, ஒரு குடை, கிளிப் மாட்டிக் காற்றில் படபடக்கும் சீட்டுகள். அங்கிருந்து கொஞ்ச தூரம் திரும்பி நடந்து தமிழ்நாட்டு மண்ணில் நின்று அதே சீட்டை விற்றால் கேஸ். கோபாலபுரத்திலும் மீனாட்சிபுரத்திலும் இதே கதைதான். ஓணம் பம்பர் வந்துவிட்டால் பொள்ளாச்சிப் பக்கத்து வண்டிகள் இந்தக் கடைகள் முன்னால் வரிசை கட்டும்.

கேரள அரசு 1967-ல் லாட்டரி தொடங்கியது. தமிழ்நாடு 2003-ல் லாட்டரியை முழுசாகத் தடை செய்தது. இரண்டையும் அனுமதிப்பது ஒரே சட்டம், 1998-ல் நாடாளுமன்றம் போட்ட லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம். வெளிமாநிலச் சீட்டைத் தன் எல்லைக்குள் தடுக்கும் உரிமையை அதன் 5-வது பிரிவு மாநிலத்துக்குத் தருகிறது. 1999-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு நிபந்தனை வைத்தது: தானே லாட்டரி நடத்திக்கொண்டு பக்கத்து மாநிலத்துச் சீட்டை மட்டும் தடுக்கக் கூடாது. ஆக, தமிழ்நாட்டின் தடைக்குப் பின்னால் இருப்பது தில்லி கொடுத்த அனுமதி. அரசு லாட்டரி மத்தியப் பட்டியலில் 40-வது இனம். இதைப் பலர் கவனிப்பதில்லை.

அமெரிக்கக் கூட்டாட்சியைப் பற்றித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் கையேடுகளில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: "அமெரிக்காவில் மாநிலங்கள் வலிமையானவை, இந்தியாவில் மத்திய அரசு வலிமையானது." பாதி உண்மை. வாஷிங்டனின் அதிகாரம் இன்று எங்கே இல்லை என்று தேடினால் களைத்துப்போவோம். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது: வாஷிங்டன் ஒவ்வொரு முறையும் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தேன் என்று காட்ட வேண்டும், வந்த பிறகும் மாநில அரசின் ஆளைக் கூப்பிட்டு வேலை வாங்க முடியாது. இதைப் புரிந்துகொள்ள லாட்டரிச் சீட்டே போதும்.

1895-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. (கை சின்னத்தை நினைக்க வேண்டாம், அது அவர்கள் நாடாளுமன்றத்தின் பெயர்.) ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு லாட்டரிச் சீட்டைக் கொண்டுபோவது குற்றம் என்றது அந்தச் சட்டம். லூயிசியானாவில் 1868-ல் உரிமம் பெற்ற ஒரு கம்பெனி நாடு முழுக்கச் சீட்டு விற்றுக் கொழுத்திருந்தது. அதை மூடத்தான் இந்த ஏற்பாடு. பிறகு டெக்சஸின் டல்லஸிலிருந்து கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவுக்கு, வெல்ஸ் ஃபார்கோ பார்சல் வண்டியில், பராகுவே நாட்டு லாட்டரிச் சீட்டு அடங்கிய பெட்டி ஒன்று போனது. சாம்பியன் என்பவர் மேல் வழக்கு. உச்ச நீதிமன்றம் மூன்று முறை வாதம் கேட்டது. 1903-ல் ஐந்துக்கு நான்கு என்று அரசு ஜெயித்தது.

நான்கு பேர் ஏன் எதிர்த்தார்கள் என்பதுதான் நமக்கு வேண்டியது. சூதாட்டத்தை ஒழிப்பது நல்ல காரியமா என்று அவர்கள் பேசவே இல்லை. அந்த வேலை காங்கிரஸுக்குக் கொடுக்கப்பட்டதா என்றுதான் கேட்டார்கள். ஒழுக்கம், பொதுச் சுகாதாரம், குற்றம் எல்லாம் மாநிலத்தின் பாடு. லாட்டரிச் சீட்டு ஒரு ஒப்பந்தக் காகிதம், வணிகச் சரக்கு அல்ல. ஆகவே "மாநிலங்களுக்கு இடையிலான வணிகம்" என்ற வாசல் வழியாக இதைக் கொண்டுவர முடியாது என்றார்கள். எழுதிக் கொடுக்காத அதிகாரம் மத்திய அரசுக்குக் கிடையாது என்ற அடிப்படையிலிருந்து வந்த வாதம் அது.

அந்த அடிப்படை எங்கிருந்து வந்தது? 13 மாநிலங்களும் 1781-ல் ஏற்ற முதல் ஏற்பாட்டுக்குக் கூட்டமைப்பு விதிகள் என்று பெயர். அதில் மத்தியில் ஒரே ஒரு சபை, மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. நிர்வாகத் தலைவர் இல்லை, நாடு தழுவிய நீதிமன்ற அமைப்பு இல்லை. வரி போட முடியாது. மாநிலங்களிடம் "இவ்வளவு அனுப்புங்கள்" என்று கடிதம் எழுதலாம், அவ்வளவே. பெரிய முடிவுக்கு 9 மாநிலம் வேண்டும், விதியைத் திருத்த 13-ம் வேண்டும். இறக்குமதிக்கு 5 சதவீதம் தீர்வை போடலாம் என்று ஒரு திருத்தம் வந்தபோது ரோட் ஐலண்ட் என்ற குட்டி மாநிலம் முடியாது என்றது. திட்டம் அங்கேயே செத்தது. போர்க்கடன் வட்டிக்குக் காசில்லை. நல்ல துறைமுகம் உள்ள மாநிலங்கள் பக்கத்து மாநிலத்துச் சரக்கில் வரி கறந்தன. நியூயார்க்குக்கும் பிலடெல்பியாவுக்கும் நடுவில் சிக்கிய நியூ ஜெர்சியை இரண்டு பக்கமும் குழாய் வைத்த பீப்பாய் என்று சொன்னதாக, பின்னால் அரசமைப்பை வடித்தவர்களில் ஒருவரான மேடிசன் எழுதுகிறார். வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகள் நாள் கணக்கில் நின்ற காலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பீப்பாய் புரியும். நம்மூரில் 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சாவடிகளை எடுத்தது; அவர்கள் 1787-லேயே அரசமைப்பில் கைவைத்தார்கள்.

அந்த ஆண்டு மே 25 முதல் செப்டம்பர் 17 வரை பிலடெல்பியாவில் 55 பேர் பல நாட்கள் பூட்டிய கதவுக்குப் பின்னால் பேசினார்கள். ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை. கடைசியில் 39 பேர் கையெழுத்திட்டார்கள். ஒருமனதான சம்மதம் என்ற பொறியில் மறுபடி விழாமல் இருக்க, 9 மாநிலம் ஏற்றால் போதும், ஏற்றவர்களுக்குள் அமலுக்கு வரும் என்று 7-வது பிரிவில் எழுதிவிட்டார்கள். பழைய விதிப்படி பார்த்தால் இது சட்டமீறல்தான். யாரும் அதிகம் கவலைப்படவில்லை. ஒன்பதாவதாக நியூ ஹாம்ப்ஷயர் 1788 ஜூன் 21-ல் ஏற்றது. ரோட் ஐலண்ட் 1790 மே வரை இழுத்தடித்து, 34-க்கு 32 என்ற ஓட்டில் உள்ளே வந்தது.

புதிய சட்டத்தின் முதல் பிரிவில் 8-வது உட்பிரிவுதான் மத்தியப் பட்டியல். மொத்தம் 18 வாசகம். வரி, கடன், வெளிநாட்டோடும் மாநிலங்களுக்கு இடையிலும் நடக்கும் வணிகம், குடியுரிமை, நாணயம், தபால், காப்புரிமை, போர், படை என்று போகும். நம் ஏழாவது அட்டவணையில் முதலில் மத்தியப் பட்டியலுக்கு 97, மாநிலப் பட்டியலுக்கு 66, பொதுப் பட்டியலுக்கு 47 இனம் இருந்தன. அமெரிக்காவில் மாநிலப் பட்டியல் என்று ஒன்றே கிடையாது. 18-ல் இல்லாதது எல்லாம் மாநிலத்துக்கு. நமக்கு நேர் எதிர்: பட்டியலில் சிக்காதது 248-வது பிரிவின்படி மத்திய அரசுக்குப் போகும்.

இதை உறுதிப்படுத்தத்தான் 1791-ல் பத்தாவது திருத்தம். மத்திய அரசுக்கு ஒப்படைக்காத, மாநிலங்களுக்குத் தடுக்காத அதிகாரங்கள் மாநிலங்களிடமோ மக்களிடமோ இருக்கும் என்கிறது. இந்த வாக்கியத்தில் ஒரு சொல் இல்லை. அது இல்லாததால்தான் பின்னால் இவ்வளவும் நடந்தது. பழைய கூட்டமைப்பு விதியில் "வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்ட" என்று இருந்தது. 1789-ல் தென் கரோலினாவின் காங்கிரஸ் உறுப்பினர் டக்கர் அந்த "வெளிப்படையாக" என்பதைப் பத்தாவது திருத்தத்திலும் சேர்க்கச் சொன்னார். மேடிசன் மறுத்தார்: ஒவ்வொரு சில்லறைக் காரியத்தையும் எழுதி வைக்க முடியாது, உள்ளடங்கிய அதிகாரம் கொஞ்சம் இருந்துதான் தீரும் என்றார். டக்கரின் திருத்தம் தோற்றது.

முப்பது வருடம் கழித்து அந்த விடுபட்ட சொல் வேலையைக் காட்டியது. மத்திய அரசின் வங்கிக்கு பால்டிமோரில் ஒரு கிளை. மேரிலாந்து மாநிலம் அதன் மேல் வரி போட்டது: முத்திரைத்தாளில் நோட்டு அச்சிடு, இல்லை வருடத்துக்கு 15,000 டாலர் கட்டு. கிளையின் காசாளர் மெக்கல்லா கட்டவில்லை. 1819-ல் தலைமை நீதிபதி மார்ஷல் தீர்ப்பு எழுதினார். வங்கி தொடங்கலாம் என்று 18 வாசகத்தில் எங்கும் இல்லை. ஆனால் பத்தாவது திருத்தத்தில் "வெளிப்படையாக" என்ற சொல்லும் இல்லை. 18-வது வாசகமோ மற்ற அதிகாரங்களைச் செயல்படுத்தத் தேவையான, பொருத்தமான சட்டங்களை இயற்றலாம் என்கிறது. வரி வசூலிக்க, கடன் வாங்க வங்கி உதவும், ஆகவே செல்லும். மாநிலம் அதன் மேல் வரி போட முடியாது, வரி போடும் அதிகாரத்துக்குள் அழிக்கும் அதிகாரமும் அடங்கியிருக்கிறது என்றார். மாணவர்கள் இந்தக் கடைசி வரியை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். முன்னால் இருக்கும் வாதத்தில்தான் சாரம் இருக்கிறது.

அப்புறம் "வணிகம்" என்ற சொல் ஊத ஊதப் பெருத்தது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயிக்குச் சொன்னால் நம்ப மாட்டார், ஆனால் நடந்தது இதுதான். ஒஹாயோவில் ஃபில்பர்ன் என்ற விவசாயிக்கு 1941 விளைச்சலுக்கு 11.1 ஏக்கர் கோதுமை ஒதுக்கீடு. அவர் 23 ஏக்கர் விதைத்தார். கூடுதல் 11.9 ஏக்கரில் 239 புஷல் விளைந்தது. புஷலுக்கு 49 சென்ட் வீதம் 117 டாலர் 11 சென்ட் அபராதம். கோதுமையில் ஒரு பங்கு கோழிக்கும் மாட்டுக்கும், ஒரு பங்கு வீட்டு மாவுக்கு, ஒரு பங்கு விதைக்கு; இதில் வணிகம் எங்கே என்று கேட்டார். 1942-ல் நீதிமன்றம் ஒரே குரலில் சொன்னது: சொந்தக் கோதுமை இருந்ததால் நீ சந்தையில் வாங்கவில்லை, உன்னைப் போல எல்லோரும் செய்தால் நாடு முழுக்க விலை அசையும், எனவே அது மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைத் தொடுகிறது. வீட்டுக்குதிரில் கிடக்கும் தானியம் வரைக்கும் அந்த வாசல் திறந்துகொண்டது. 1995-ல் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்த மத்தியச் சட்டத்தை ஐந்துக்கு நான்கில் ரத்து செய்து கொஞ்சம் இழுத்து மூடினார்கள். அதுவரை கிட்டத்தட்ட அறுபது வருடம் இந்த வாசலில் யாரும் தடுத்து நிறுத்தப்படவில்லை.

இவ்வளவும் படித்தால் மாநிலத்துக்கு மிச்சம் என்ன என்று தோன்றும். மிச்சம் இருப்பது இது: தனி ஆட்களின் மேல் காங்கிரஸ் நேரடியாகச் சட்டம் போடலாம், மாநில அரசுக்கு ஆணை போடக் கூடாது. 1997-ல் ஒரு வழக்கு. துப்பாக்கி வாங்க வருபவரின் பின்னணியை உள்ளூர் ஷெரிஃப் (மாவட்டப் போலீஸ் தலைவர்) விசாரிக்க வேண்டும் என்று மத்தியச் சட்டம் சொன்னது. செல்லாது என்றது நீதிமன்றம். விசாரணை வேண்டுமானால் உன் ஆளை வைத்துச் செய்துகொள். 2018-ல் மறுபடி சூதாட்டம் வந்தது. விளையாட்டுப் பந்தயத்துக்கு மாநிலங்கள் அனுமதி கொடுக்கக் கூடாது என்று 1992-ல் ஒரு மத்தியச் சட்டம் இருந்தது. நியூ ஜெர்சி மோதி ஜெயித்தது. பந்தயத்தைக் காங்கிரஸே நேரடியாகத் தடை செய்யலாம். ஆனால் மாநிலச் சட்டமன்றத்திடம் "இந்தச் சட்டத்தைப் போடாதே" என்று சொல்ல முடியாது.

1903-ஐயும் 2018-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சீட்டைக் கொண்டுபோகும் ஆளைப் பிடிக்கலாம். அனுமதி கொடுக்கும் மாநிலத்தின் வாயைக் கட்ட முடியாது. நம் 256-வது பிரிவு வேறு மாதிரி. நாடாளுமன்றச் சட்டம் நடைமுறைக்கு வரும்படி மாநிலம் தன் நிர்வாகத்தை நடத்த வேண்டும், மத்திய அரசு உத்தரவும் கொடுக்கலாம். கேட்காவிட்டால் 365-வது பிரிவு, அதன் பின்னால் குடியரசுத் தலைவர் ஆட்சிக்கான 356. கையேட்டில் எழுத வேண்டிய வித்தியாசம் இது.

ஆணை போட முடியாவிட்டால் காசு இருக்கிறது. குடிக்கும் வயது 21 என்று காங்கிரஸ் நேரடியாகச் சொல்லவில்லை. 1984-ல், வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலைப் பணத்தில் 5 சதவீதம் பிடிப்போம் என்றது. 19 வயதினருக்கு லேசான பியர் விற்ற தெற்கு டகோட்டா வழக்குப் போட்டு 1987-ல் தோற்றது. 5 சதவீதம் தூண்டுதல்தான், கழுத்தை நெரிப்பது அல்ல என்பது தீர்ப்பின் காரணம். 2012-ல் மருத்துவ உதவித் திட்டத்தை விரிவாக்காத மாநிலத்துக்கு அந்தத் திட்டத்தின் பணம் முழுவதையும் நிறுத்துவோம் என்றபோது, அது கழுத்தை நெரிப்பதுதான் என்று தடுத்தார்கள். சரியாக எத்தனை சதவீதத்தில் தூண்டுதல் நெரிப்பாக மாறும் என்று இன்றுவரை யாரும் கோடு போடவில்லை.

சாராயம் என்றால் ஒரு தனி விதி உண்டு. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் இறக்கும் கள் பெர்மிட் வண்டியில் கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்குப் போகிறது. கிழக்கே திரும்பினால் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. நமக்கு இது மாநிலப் பட்டியலின் 8-வது இனம். அமெரிக்கர்களோ மதுவிலக்கை நீக்கிய 1933-ன் 21-வது திருத்தத்திலேயே, ஒரு மாநிலத்தின் சட்டத்துக்கு விரோதமாக அதற்குள் மது கொண்டுபோகக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். வேறு எந்தச் சரக்குக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

இனி எல்லைக்கோடு. இந்தப் பக்கத்தில் வாழும் தமிழர்களுக்கு இதில்தான் அக்கறை அதிகம் இருக்க வேண்டும். சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது, 1949-ல் திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் 1-ல் கேரளம். பாலக்காடு அதே நாளில் சென்னை மாநிலத்திலிருந்து வெளியேறியது. கன்னியாகுமரியின் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் எதிர்த்திசையில் போயின. தேவிகுளமும் பீர்மேடும் போகவில்லை. ஆந்திர எல்லையில் திருத்தணி 1960 ஏப்ரல் 1-ல் வந்து சேர்ந்தது. 1956, 1960 மாற்றங்கள் இரண்டும் நம் அரசமைப்பின் 3-வது பிரிவின்படி போட்ட சட்டங்களால் வந்தவை. அந்தப் பிரிவில் மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், ஏற்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 4-வது பிரிவின்படி சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டமன்றத்தின் சம்மதமும் காங்கிரஸின் சம்மதமும் இரண்டும் வேண்டும். மாசசூசெட்ஸ் சம்மதித்துத்தான் 1820-ல் மெய்ன் பிரிந்தது. உள்நாட்டுப் போரின் நடுவே 1863-ல் மேற்கு வர்ஜீனியாவைப் பிரித்தபோதுகூட, ஒன்றியத்தின் பக்கம் நின்ற ஒரு வர்ஜீனிய அரசை வைத்துச் சம்மதம் வாங்கினார்கள். அந்த அரசு மாநிலத்தின் பெரும்பகுதியை ஆளவே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அந்தக் காகிதம் இல்லாமல் நகர முடியவில்லை.

காங்கிரஸின் மேல்சபையான செனட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2020 கணக்கெடுப்பில் வயோமிங்குக்கு 5.77 லட்சம் பேர், கலிபோர்னியாவுக்கு 3.95 கோடி; இரண்டுக்கும் இரண்டிரண்டு இடம். அந்த மாநிலமே சம்மதிக்காமல் இந்தச் சமத்துவத்தைத் திருத்தத்தாலும் பறிக்க முடியாது.

தண்ணீர்ப் பங்கீட்டில் ஒரு சின்ன ஒப்பீடு. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் 1970-ல் இரண்டு மாநிலங்களும் போட்டது. மணக்கடவு அணையில் சித்தூருக்கு வருடம் 7.25 டி.எம்.சி. நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவைப்படவில்லை. அங்கே மாநிலங்களுக்குள் இப்படி ஒரு உடன்படிக்கை என்றால் முதல் பிரிவின் 10-வது உட்பிரிவு காங்கிரஸின் சம்மதம் கேட்கிறது. 1922-ன் கொலராடோ ஆற்று உடன்படிக்கையில் ஏழு மாநிலம். மேல்படுகைக்கும் கீழ்ப்படுகைக்கும் வருடத்துக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி வீதம் பிரித்தார்கள். நம் கணக்கில் ஏறக்குறைய 327 டி.எம்.சி. கோளாறு என்னவென்றால், அதற்கு முந்தைய நல்ல மழை ஆண்டுகளை வைத்து ஆற்றின் அளவைக் கணக்கிட்டுவிட்டார்கள். ஆற்றில் அவ்வளவு தண்ணீர் வருவதே இல்லை. ஆனால் உடன்படிக்கையைத் திருத்த ஏழு மாநிலமும் காங்கிரஸும் வேண்டும்.

அமெரிக்கச் செய்தி ஒன்றைப் படிக்கும்போது குழப்பம் வந்தால் வரிசையாக நாலு கேள்வி கேளுங்கள். இது 18 வாசகத்தில் எதன் கீழ் வருகிறது? ஆளின் மேல் போட்டதா, மாநில அரசின் மேல் போட்டதா? காசை நிறுத்துவதாக மிரட்டல் இருக்கிறதா, எவ்வளவு? செல்லுபடியாகும் மத்தியச் சட்டத்தோடு மாநிலச் சட்டம் மோதுகிறதா? கடைசியில் மோதல் உண்டென்றால் 6-வது பிரிவின்படி மத்தியச் சட்டம் மேலோங்கும்.

கஞ்சாவை வைத்துச் செய்து பார்க்கலாம். கலிபோர்னியா 1996-ல் மருத்துவத்துக்கு அனுமதித்தது. மத்தியச் சட்டத்தில் தடை. வீட்டில் வளர்த்துத் தானே பயன்படுத்திய ஒரு நோயாளி வழக்குப் போட்டார். முதல் கேள்விக்கு 2005-ல் பதில் வந்தது, ஆறுக்கு மூன்று: வணிகம்தான், ஃபில்பர்னின் கோதுமையைப் போல. இரண்டாவது: தடை ஆளின் மேல், மாநிலத்தின் மேல் அல்ல, எனவே செல்லும். மூன்றாவது இங்கே இல்லை. நான்காவது: மத்தியச் சட்டம் மேலோங்கும், எனவே அந்த நோயாளி மத்தியச் சட்டப்படி குற்றவாளி. ஆனால் அவரைப் பிடிக்கக் கலிபோர்னியாப் போலீஸை அனுப்பச் சொல்ல வாஷிங்டனால் முடியாது. தன் ஏஜெண்டை அனுப்ப வேண்டும், அவர்களோ நாடு முழுக்கச் சில ஆயிரம் பேர்தான். தடை புத்தகத்தில் இருக்க, கடை தெருவில் திறந்திருப்பது இப்படித்தான்.